பூனைக்கு இன்சுலின்: கூட்ட நிதானம், குறைக்க வேகம்

சேலையூர் கேம்ப் ரோட்டிலோ ராஜகீழ்ப்பாக்கத்திலோ மருந்துக்கடைக்குப் போனால் இன்சுலின் குப்பி, சிரிஞ்ச், குளுக்கோமீட்டர் ஸ்ட்ரிப் எல்லாவற்றையும் கையோடு வாங்கி வரலாம். சர்க்கரை நோய் நமக்கு அவ்வளவு பழகிவிட்டது. சென்னையிலுள்ள நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனம் ஒன்றின் தலைமையில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நடத்திய தேசிய ஆய்வு, நாட்டில் சுமார் 10 கோடிப் பேருக்கு இந்நோய் இருப்பதாக 2023-ல் சொன்னது. ஊசி போடத் தெரிந்த ஒருவராவது இல்லாத தெரு புறநகரில் அரிது. ஆகவே வீட்டுப் பூனைக்குச் சர்க்கரை நோய் என்று மருத்துவர் சொன்னால், கலக்கம் அடங்கியதும் ‘நமக்குத் தெரிந்த நோய்தானே’ என்ற துணிச்சல் வருகிறது. அந்தத் துணிச்சலில் பாதி நல்லது, பாதி ஆபத்து. கருவிகளும் கைப்பழக்கமும் இருப்பது பூனையின் பாக்கியம். ‘சுகர் ஏறியிருக்கிறது, ரெண்டு யூனிட் கூட்டிப் போடு’ என்று மனிதருக்குச் சொல்லும் பழக்கத்தைப் பூனைக்கும் கொண்டுபோனால் அது உயிருக்கே உலை வைக்கும். பூனைக்கு இன்சுலின் அளவைக் கூட்டுவதில் நிதானமும் குறைப்பதில் வேகமும் வேண்டும். இரண்டுக்கும் வீட்டிலேயே அளந்து எழுதிய கணக்குதான் ஆதாரமாக இருக்க வேண்டும்.

முதலில் நோயைப் பார்ப்போம். பூனைக்கு வருவது பெரும்பாலும் மனிதரின் இரண்டாம் வகைச் சர்க்கரை நோயை ஒத்தது. கணையம் இன்சுலினை முற்றாக நிறுத்திவிடுவதில்லை. சுரப்பது குறைகிறது, சுரந்ததற்கும் உடல் சரியாகக் கட்டுப்படுவதில்லை. நடுவயதைக் கடந்த, எடை கூடிய, வீட்டுக்குள்ளேயே வளரும், கருத்தடை செய்த ஆண் பூனைகளுக்கு இது கூடுதலாக வருகிறது. தோல் அரிப்புக்கோ மூச்சிரைப்புக்கோ தந்த ஸ்டீராய்டு மருந்தும் இதைத் தூண்டலாம். தண்ணீர்க் கிண்ணம் சீக்கிரம் காலியாகும், மணல் தட்டில் சிறுநீர்க் கட்டிகள் பெரிதாகும், நிறையத் தின்றும் பூனை இளைக்கும். நோய் முற்றினால் நரம்பு பாதிக்கப்பட்டு, பின்னங்காலின் குதிகால் தரையில் படிய நடக்கும். பூனைக்கும் மனிதருக்கும் உள்ள பெரிய வேறுபாடு ஒன்றை இங்கே மனத்தில் வைக்க வேண்டும். சீக்கிரம் கண்டறிந்து, சரியான இன்சுலினும் மாவுச்சத்துக் குறைந்த உணவும் தந்தால், பல பூனைகளின் கணையம் தேறி, இன்சுலினே தேவைப்படாத நிலைக்கு வந்துவிடும்.

ஒரு யூனிட் என்பது எவ்வளவு?

நாலைந்து கிலோ எடையுள்ள பூனைக்கு மருத்துவர்கள் வழக்கமாக 12 மணி நேரத்துக்கு ஒருமுறை 1 யூனிட் அளவில்தான் தொடங்குவார்கள். தொடக்கத்திலேயே 2 யூனிட்டைத் தாண்டுவதில்லை. மில்லிலிட்டருக்கு 100 யூனிட் கொண்ட இன்சுலினில் ஒரு யூனிட் என்பது ஒரு மில்லிலிட்டரின் நூறில் ஒரு பங்கு. ஒரு சொட்டுத் தண்ணீரில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குதான் அது. இவ்வளவு சிறிய அளவில் கை தவறினால், அந்தத் தவறு மடங்குக் கணக்கில் பெருகும். இதில் நம் நாட்டில் சிக்கல் ஒன்று உண்டு. பல நாடுகள் மனிதருக்கான இன்சுலினை 100 யூனிட் செறிவுக்கு மாற்றி வெகுகாலம் ஆகிறது. இந்தியாவிலோ 40 யூனிட் செறிவுள்ள குப்பிகளும் 100 யூனிட் செறிவுள்ளவையும் ஒரே கடையில் பக்கத்தில் பக்கத்தில் விற்கின்றன. அதற்கேற்ப சிரிஞ்சும் இரண்டு வகை: 40-க்குச் சிவப்பு மூடி, 100-க்கு ஆரஞ்சு மூடி. பூனைகளுக்கு அதிகம் எழுதித் தரப்படும் கிளார்ஜின் என்ற இன்சுலின் வழக்கமாக 100 யூனிட் வகை. அதைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் 1 என்ற கோடு வரை எடுத்தால் பூனைக்குப் போவது இரண்டரை யூனிட். 40 யூனிட் மருந்தை ஆரஞ்சு மூடி சிரிஞ்சில் எடுத்தால் போவது அரை யூனிட்டுக்கும் குறைவு. கிளார்ஜினிலேயே 300 யூனிட் செறிவுள்ள பேனாவும் விற்பனையில் உள்ளது. எனவே குப்பியிலுள்ள எண்ணும் சிரிஞ்சிலுள்ள எண்ணும் ஒன்றுதானா என்று வாங்கும்போதே பார்த்துவிட வேண்டும். அரை யூனிட் கோடு போட்ட, 0.3 மில்லிலிட்டர் கொள்ளும் சிரிஞ்ச் கிடைத்தால் அதுவே பூனைக்கு ஏற்றது. பெரியவர்கள் போட்டுக்கொள்ளும் கலப்பு இன்சுலின் மிச்சம் இருக்கிறதே என்று பூனைக்குப் போடவே கூடாது.

ஒரு எண்ணை நம்பி அளவை மாற்றாதீர்கள்

நலமான பூனைக்குக்கூட, பயந்துவிட்டால் ரத்தச் சர்க்கரை சட்டென்று ஏறும். சில சமயம் டெசிலிட்டருக்கு 300 மில்லிகிராமைத் தாண்டும். கூடையில் அடைத்து, ஆட்டோவில் ஏற்றி, வேளச்சேரி சாலையின் இரைச்சலில் கொண்டுபோய், நாய்கள் குரைக்கும் கூடத்தில் காத்திருக்க வைத்த பிறகு எடுக்கும் அளவில் நோயின் பங்கு எவ்வளவு, பயத்தின் பங்கு எவ்வளவு என்று பிரிக்க முடியாது. அந்த ஓர் எண்ணைப் பார்த்து இன்சுலினைக் கூட்டினால், வீட்டுக்கு வந்து பூனை அமைதியானதும் சர்க்கரை பாதாளத்துக்கு இறங்கும். மேலும், கிளார்ஜின் தோலுக்கடியில் தேங்கி மெல்லக் கரையும் மருந்து. புதிய அளவின் முழுப் பலன் தெரியச் சில நாள் ஆகும். காலையில் கூட்டியது போதவில்லை என்று மாலையிலும் கூட்டினால், இரண்டும் சேர்ந்து நாலாம் நாள் தாக்கும். ஆகவே பொதுவான வழிகாட்டுதல்கள், அளவை அரை யூனிட் படியாகவே ஏற்றி, ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் ஒரு வாரமாவது பொறுக்கச் சொல்கின்றன. சர்க்கரை சில நாள் 300-ல் நின்றால், பூனை தின்றுகொண்டும் தெம்பாகவும் இருக்கும்வரை உடனடி ஆபத்து இல்லை. 40-க்கு இறங்கினால் சில மணி நேரத்தில் வலிப்பு வந்து உயிர் போகலாம். நிதானம் வேண்டும் என்பதற்கு இந்த ஏற்றத்தாழ்வே காரணம்.

குறைப்பதில் வேகம் ஏன்? இன்சுலின் தேவை திடீரென்று சரியும் தருணங்கள் பூனைக்கு மனிதரைவிட அதிகம். ஸ்டீராய்டை நிறுத்தினால் தேவை குறையும். பல் ஈறு சீழை மருத்துவம் பார்த்தால் குறையும். தயிர்சாதத்தையும் உலர் தீவனத்தையும் நிறுத்தி, மீனும் கோழியும் சார்ந்த ஈர உணவுக்கு மாற்றினால் சில நாளிலேயே குறையும். எல்லாவற்றுக்கும் மேலாக, கணையம் தேறத் தொடங்கினால் குறையும். போன மாதம் உயிர்காத்த அதே அளவு இந்த மாதம் மிகையாகிவிடும். குணமாகிவரும் பூனைதான் இன்சுலினால் அதிக ஆபத்தில் இருக்கிறது. அதைப் பூனையின் முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது, மீட்டர்தான் சொல்லும்.

இதற்குச் சான்றும் உண்டு. கிர்ஸ்டன் ரூம்ப், ஜாக்கி ராண்ட் என்ற இரு ஆய்வாளர்கள் 2009-ல் வெளியிட்ட ஆய்வில், வீட்டிலேயே வளர்ப்போர் அளந்து கிளார்ஜின் போட்ட 55 பூனைகளைக் கவனித்தனர். அவற்றில் 64 விழுக்காடு இன்சுலினிலிருந்தே விடுபட்டன. நோய் தெரிந்த ஆறு மாதத்துக்குள் இந்த முறைக்கு வந்தவற்றில் 84 விழுக்காடும், அதற்குப் பிறகு வந்தவற்றில் 35 விழுக்காடும் விடுபட்டன. வெளியே தெரியும்படியான தாழ்சர்க்கரை அறிகுறி ஒரே ஒரு பூனைக்குத்தான், அதுவும் லேசாக வந்தது. அந்தப் பூனைகளை வளர்த்தவர்கள் மிகுந்த ஆர்வம் கொண்டவர்கள், ஒப்பிட்டுப் பார்க்க வேறொரு குழு இல்லை என்ற குறையைச் சொல்லத்தான் வேண்டும். அந்த ஆய்வில் அளவைச் சில நாளுக்கு ஒருமுறை மாற்றினார்களே என்றும் கேட்கலாம். ஒரு நாளில் பலமுறை அளந்தவர்களுக்கே அது சாத்தியமாயிற்று. அளக்காமல் மாற்றுவதற்கு அந்த ஆய்வில் இடமே இல்லை.

எழும் மறுப்புகள்

‘இதெல்லாம் மருத்துவர் வேலை, வீட்டில் கைவைக்கலாமா’ என்பது முதல் மறுப்பு. அளவைத் தீர்மானிப்பது மருத்துவர்தான். ஆனால் அவர் எதை வைத்துத் தீர்மானிப்பார்? தாம்பரத்திலிருந்து வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போக எழும்பூர் வரை ரயிலில் போய் இறங்க வேண்டும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, ஊசி போட்டதிலிருந்து அடுத்த ஊசி வரை எடுக்கும் சர்க்கரை வரைபடத்துக்காகப் பூனையை ஒரு நாள் முழுக்க அங்கே வைத்திருந்தாலும் பயம் கலந்த எண்கள்தான் கிடைக்கும். சேலையூர் வீட்டின் சன்னலோரத்தில் எடுத்த எண்கள் அந்த மருத்துவருக்கே அதிகம் உதவும். ‘காதில் குத்துவது வதை’ என்பது அடுத்தது. காது விளிம்பைக் கையால் சூடேற்றி மெல்லிய ஊசியால் ஒரு துளி எடுத்து, உடனே பிடித்த தின்பண்டம் கொடுத்தால் பெரும்பாலான பூனைகள் சில நாளில் பழகிவிடுகின்றன. கூடைப் பயணத்தைவிட அது சிறிய தொல்லை. ‘மனித மீட்டர் பூனைக்குப் பொருந்தாதே’ என்பதில் உண்மை உண்டு. பூனையின் ரத்தத்தில் சர்க்கரை பெரும்பாலும் பிளாஸ்மாவிலேயே இருப்பதால் மனித மீட்டர் சற்றுக் குறைத்தே காட்டும். குறைத்துக் காட்டும் கருவி அதிக ஊசிக்கு இட்டுச்செல்வதில்லை என்பது ஓர் ஆறுதல். எப்போதும் ஒரே மீட்டரைப் பயன்படுத்தி, அது எந்த வகை என்று மருத்துவரிடம் சொன்னால் போதும். ‘மாத்திரை வந்துவிட்டதே’ என்பாரும் உண்டு. அமெரிக்காவில் 2022-லும் 2023-லும் பூனைகளுக்கென இருவகை வாய்வழி மருந்துகள் அனுமதி பெற்றன. ஏற்கெனவே இன்சுலின் போட்டுவரும் பூனைக்கு அவை உரியவை அல்ல; உயிருக்கு ஆபத்தான கீட்டோன் நிலையை உண்டாக்கக்கூடும். மனிதருக்கான சர்க்கரை மாத்திரையையும் தரக் கூடாது.

அன்றாடத்தில் கைக்கொள்ள வேண்டியவை சிலவே. முதலில் உணவு, பிறகு ஊசி. பூனை தின்ன மறுத்தால் முழு அளவைப் போடாமல் மருத்துவரைக் கேளுங்கள். ஒரு வேளை தவறினால் தவறியதுதான். அடுத்த வேளை இரட்டிப்பாகப் போடாதீர்கள். மருந்து தோலுக்குள் போனதா, ரோமத்தில் வழிந்ததா என்று சந்தேகம் வந்தாலும் மறுபடி போடாதீர்கள். ஊசிக்கு முன் மருத்துவர் சொன்ன எல்லைக்குக் கீழ் காட்டினால் அவரைக் கேட்காமல் போட வேண்டாம். தள்ளாடினாலோ, நடுங்கினாலோ, கூப்பிட்டால் திரும்பாவிட்டாலோ அளந்துகொண்டிருக்காமல் ஈறில் தேனோ குளுக்கோஸ் கரைசலோ தடவி, நினைவு இருந்தால் உணவும் கொடுத்து, உடனே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். உண்ணாமல், வாந்தி எடுத்துச் சோர்ந்து கிடந்தாலும் அவசரம்தான். சித்திரை வெயிலில் குப்பியைக் காரில் விட்டுவிடாமல், குளிர்பெட்டியில் உறைபனிப் பகுதியைத் தவிர்த்து 2 முதல் 8 டிகிரிக்குள் வையுங்கள்.

இதற்கெல்லாம் பெரிய செலவோ படிப்போ தேவையில்லை. ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். தேதி, நேரம், ஊசிக்கு முன் சர்க்கரை, தின்ற அளவு, போட்ட யூனிட், யார் போட்டது என்ற ஆறு விவரங்களை இரு வேளையும் எழுதி, குளிர்பெட்டியின் மேல் வையுங்கள். அப்பா போட்டது தெரியாமல் அம்மா மறுபடி போடும் விபத்தை அந்த நோட்டு தடுக்கும். அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கப் போகும்போது பூனையோடு அந்த நோட்டையும் எடுத்துச் செல்லுங்கள்.