காலைக் குளிரில் காருக்கு வரும் இருமல்

குளிர்காலத்தில் அதிகாலையில் எழுவது நமக்கு எவ்வளவு கடினம்! வயதான காருக்கும் அப்படியே. சாவியைத் திருப்பினால் முனகும். ஒருமுறை உறுமிவிட்டு இருமும். உடலெல்லாம் நடுங்கி அடங்கிவிடும். பத்து நிமிடம் ஓடிவிட்டாலோ, ஒரு நோயும் இல்லாததுபோல் சீராகச் செல்லும். உதகை, கொடைக்கானல் போன்ற மலையூர்களில் பழைய கார் வைத்திருப்போர் இதை நன்கு அறிவர். "வண்டிக்கு வயதாகிவிட்டது" என்று கைவிடுவதும் தவறு. கண்ணில் பட்ட பாகங்களையெல்லாம் மாற்றிப் பணத்தை இறைப்பதும் தவறு. முறையாகத் தேடினால் காரணம் பெரும்பாலும் அகப்பட்டுவிடும்.

நம் நாட்டுச் சாலைகளில் நெடுங்காலம் ஓடிய அம்பாசடரையே எடுத்துக்காட்டாகக் கொள்வோம். இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்போர்டு காரைத் தழுவி, கல்கத்தாவை அடுத்த உத்தரபாராவில் செய்யப்பட்ட வண்டி இது. 2014-ஆம் ஆண்டில் உற்பத்தி நின்றுவிட்டபோதிலும், சில வீடுகளில் இன்னும் பேணிக் காக்கப்படுகிறது. 1489 கன சென்டிமீட்டர் பெட்ரோல் எஞ்சின் கொண்ட பழைய அம்பாசடரைப் பற்றியே இங்குக் கூறுகிறோம்.

குளிர் செய்யும் வேலை

திரவமாக இருக்கும் பெட்ரோல் எரிவதில்லை. ஆவியாகிக் காற்றுடன் கலந்தால்தான் எரியும். எடையில் ஒரு பங்கு பெட்ரோலுக்குச் சுமார் 15 பங்கு காற்று வேண்டும். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது, பெட்ரோலின் ஒரு பகுதி ஆவியாகாமல் குழாய்ச் சுவரில் துளிகளாக ஒட்டிக்கொள்கிறது. சிலிண்டருக்குள் செல்லும் கலவையில் பெட்ரோல் குறைந்துவிடுகிறது. இதை ஈடுசெய்யவே 'சோக்' இருக்கிறது. எஸ்.யு. கார்புரேட்டரில் சோக் குமிழை இழுத்தால் ஜெட் கீழே இறங்கி, கூடுதல் பெட்ரோலுக்கு வழிவிடும்.

இன்னும் இரண்டு தொல்லைகள் உண்டு. மார்கழியில் தேங்காய் எண்ணெய் கெட்டியாவதை நாம் பார்த்திருக்கிறோம். எஞ்சின் எண்ணெயும் குளிரில் தடித்து எஞ்சினைச் சுழலவிடாமல் தடுக்கிறது. பேட்டரிக்குள் நடக்கும் வேதியியல் வினையும் மந்தமாகிறது. ஆகவே, கோடையில் ஒளிந்திருந்த சிறு குறையைக் குளிர் வெளியே கொண்டு வருகிறது.

மூன்று கேள்விகள்

மருத்துவர் மருந்து எழுதுமுன் கேள்வி கேட்பதுபோல, நாமும் ஸ்பானரை எடுக்குமுன் மூன்று கேள்விகள் கேட்க வேண்டும்.

முதலாவது: ஸ்டார்ட்டர் எஞ்சினை விறுவிறுப்பாகச் சுழற்றுகிறதா? மெல்லச் சுழன்று முகப்பு விளக்கும் மங்கினால் பேட்டரியையும் அதன் முனைகளையும் பார்க்க வேண்டும். முனைகளில் பூத்த வெண்பொடியைச் சமையல் சோடா கலந்த வெந்நீரால் கழுவி, உலர்த்தி இறுக்கினாலே பல கார்கள் சரியாகிவிடும். வண்டியின் உடலோடு இணைந்த எர்த் கம்பியை முதலில் கழற்றி, கடைசியில் மாட்ட வேண்டும்.

இரண்டாவது: சோக்கை இழுத்தால் நிலைமை தேறுகிறதா, மோசமாகிறதா? தேறினாலும் எஞ்சின் சூடாகும்வரை நடுக்கம் போகாவிட்டால், சோக் கம்பி தளர்ந்து ஜெட் முழுவதும் இறங்காமல் இருக்கலாம். அல்லது கார்புரேட்டருக்கும் எஞ்சினுக்கும் இடையிலுள்ள இணைப்புகளில் காற்று திருட்டுத்தனமாக நுழையலாம். கம்பியைச் சீராக்கி, நட்டுகளை இறுக்கி, கிழிந்த கேஸ்கட்டை மாற்றினால் போதும். மோசமானால், முன்பே பெட்ரோல் மிகுந்துவிட்டது என்று பொருள்.

மூன்றாவது: சூடான பிறகும் தடுமாற்றம் நீடிக்கிறதா? நீடித்தால் தீப்பொறியையும் வால்வு இடைவெளியையும் சோதிக்க வேண்டும். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் அதுவே பேசும். வெளிர்பழுப்பு நிறம் நலத்தின் அறிகுறி. உலர்ந்த கரி படிந்திருந்தால் பெட்ரோல் மிகுதி. பெட்ரோலில் நனைந்திருந்தால் தீப்பொறி வரவில்லை, அல்லது பெட்ரோல் வெள்ளமாகிவிட்டது. பிளக்கின் இடைவெளி சுமார் 0.6 மில்லிமீட்டரும், டிஸ்டிரிபியூட்டர் பாயிண்டின் இடைவெளி 0.35 முதல் 0.40 மில்லிமீட்டரும் இருக்க வேண்டும். பனி ஈரம் படிந்த டிஸ்டிரிபியூட்டர் மூடியை உலர்ந்த துணியால் துடைப்பதும் பலன் தரும்.

இக்காலத்துக்கு உரிய ஒரு செய்தியும் உண்டு. இப்போது நம் நாட்டுப் பெட்ரோலில் 20 விழுக்காடு வரை எத்தனால் கலக்கப்படுகிறது. அது ஆவியாகக் கூடுதல் வெப்பம் வேண்டும். பழைய ரப்பர் குழாய்களும் பெட்ரோல் பம்பின் டயாபிரமும் அதற்காகச் செய்யப்பட்டவையல்ல. அவற்றில் வெடிப்போ கசிவோ உண்டா என்று அடிக்கடி பார்ப்பது நல்லது.

செய்யத் தகாதவை

சோக் ஓர் ஊன்றுகோல், மருந்தன்று. அதை நெடுநேரம் இழுத்தே வைத்திருந்தால், மிகுந்த பெட்ரோல் சிலிண்டர்ச் சுவரின் எண்ணெயைக் கழுவித் தேய்மானத்தை வளர்க்கும். ஸ்டார்ட்டரை விடாமல் அழுத்தினால் பேட்டரி ஓய்ந்துவிடும். சில நொடிகள் முயன்று, சற்றே நிறுத்தி, மீண்டும் முயல வேண்டும்.

இவற்றினும் மேலான எச்சரிக்கை ஒன்று. குளிருக்கு அஞ்சிக் கதவை மூடிய கொட்டகைக்குள் எஞ்சினை ஓடவிடவே கூடாது. புகையில் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, மணமில்லை, உயிரைக் குடித்துவிடும். தோழியரே, ஓடும் எஞ்சினருகே குனியும்போது பின்னலையும் தாவணியையும் இறுகக் கட்டிக்கொள்ளுங்கள். காற்றாடியும் அதன் பட்டையும் எதையும் பற்றி இழுத்துக்கொள்ளும்.

கருவிகளைக் கையாள்வதை மெக்கானிக்கிடம் விட்டாலும், கேள்விகளை நாமே கேட்கலாம். "கார் கிளம்பவில்லை" என்று மட்டும் சொன்னால் அவர் எல்லாவற்றையும் பிரிக்க நேரும். "ஸ்டார்ட்டர் நன்றாகச் சுழல்கிறது, சோக்கை இழுத்தால் தேறுகிறது, சூடானபின் தொல்லையில்லை" என்று சொன்னால், அவர் நேரே கார்புரேட்டர்ப் பக்கம் போவார். நள்ளிரவில் வீட்டில் ஒருவருக்கு நோய் வந்து மருத்துவமனைக்கு விரைய வேண்டிய வேளையில், முன்பே பொறுமையாகக் கவனித்துச் சீர்செய்து வைத்த வண்டியே நமக்குக் கைகொடுக்கும்.