ரிம்ஃபயர் இலக்கு ரைபிளுக்குச் சேசிஸ் தேர்ந்தெடுத்தல்

ரிம்ஃபயர் இலக்கு ரைபிள் என்பது .22 லாங் ரைபிள் தோட்டாவைப் பயன்படுத்தும், பெரும்பாலும் 50 மீட்டர் தொலைவுப் போட்டிகளுக்கான விளையாட்டுத் துப்பாக்கியாகும். 1887இல் அமெரிக்காவில் அறிமுகமான இத்தோட்டாவில் வெடிதூண்டும் கலவை அடிப்பகுதியின் விளிம்புக்குள் இருக்கும். விளிம்பில் அடித்தால் வெடிப்பதால் இதற்கு ரிம்ஃபயர் என்று பெயர். ரைபிளின் குழலும் ஆக்‌ஷன் எனப்படும் இயங்குபகுதியும் எதில் பொருத்தப்படுகின்றனவோ, அதைக் கட்டை என்பர். தொழிற்சாலையிலிருந்து வந்த மரக்கட்டையைக் கழற்றிவிட்டு, வேறு நிறுவனம் செய்த அலுமினியச் சட்டகத்தை வாங்கிப் பொருத்தும் வழக்கம் பரவியுள்ளது. அச்சட்டகமே சேசிஸ் எனப்படுகிறது.

50 மீட்டர் இலக்கில் பத்துப் புள்ளி வளையத்தின் விட்டம் 10.4 மி.மீ. குண்டின் விட்டம் சுமார் 5.6 மி.மீ. 2012 லண்டன் ஒலிம்பிக்கின் 50 மீட்டர் படுத்துச் சுடும் போட்டியில் ஜாய்தீப் கர்மாகர் நான்காம் இடத்தில் நின்றார். வெண்கலத்துக்கும் அவருக்கும் இடையே இருந்தது 1.9 புள்ளி. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஸ்வப்னில் குசாலே 451.4 புள்ளிகளுடன் 50 மீட்டர் மூன்று நிலைப் போட்டியில் வெண்கலம் வென்றார். இந்தப் பிரிவில் இந்தியாவுக்குக் கிடைத்த முதல் ஒலிம்பிக் பதக்கம் அது. இத்தகைய சிறு வித்தியாசங்களைப் பார்க்கும் இளம் வீரர், கருவியை மாற்றினால் புள்ளி ஏறும் என்று நம்புவது இயல்பே. குடும்பத்தின் சேமிப்பு அதில் போகும் என்பதால்தான் தேர்வைப் பற்றி விரிவாகப் பேச வேண்டியிருக்கிறது.

சேசிஸ் செய்யும் வேலை

போட்டித் தோட்டாவின் குண்டு ஒலியின் வேகத்தைவிடச் சற்றுக் குறைவாகவே, நொடிக்கு ஏறக்குறைய 320 முதல் 330 மீட்டர் வேகத்தில், குழலைவிட்டு வெளியேறுகிறது. இது மெதுவான குண்டு. விசையை இழுத்த பிறகும் சில மில்லிவினாடிகள் அது குழலுக்குள்ளேயே இருக்கிறது. அந்த நேரத்தில் ரைபிள் எப்படி அசைகிறதோ அதற்கேற்பக் குண்டின் போக்கு மாறும். ஒவ்வொரு முறையும் ஒரே விதமாக அசைந்தால் சிக்கல் இல்லை. தோளும் கன்னமும் கையும் ஒரே இடத்தில், ஒரே அழுத்தத்தில் படும்படி செய்வதே கட்டையின் முதல் வேலை.

இரண்டாவது வேலை ஆக்‌ஷனை அசையாமல் பிடித்திருப்பது. மரம் ஈரத்தை இழுக்கும், வெயிலில் விடும். வால்நட் மரத்தின் ஈரப்பதம் நான்கு சதவீதம் மாறினால், 5 செ.மீ. அகலமுள்ள பகுதி குறுக்குவாட்டில் சுமார் அரை மில்லிமீட்டர் வரை மாறக்கூடும். கோடையில் 40 பாகையைத் தாண்டிக் காய்ந்து, வடகிழக்குப் பருவமழையில் ஊறும் வேலூரில் மரக்கட்டை வைத்திருப்பவர் இதை நினைவில் கொள்ள வேண்டும். திருகு தளர்ந்ததால் குறி விலகியதா, தன் கை தவறியதா என்று தெரியாமல் வாரக்கணக்கில் பயிற்சி வீணாகலாம். இதற்காகவே நல்ல மரக்கட்டைகளில் ஆக்‌ஷன் அமரும் இடத்தை எப்பாக்சி பிசினாலும் உலோகத் தூண்களாலும் உறுதிப்படுத்துகிறார்கள்.

அலுமினியம் ஈரத்தைக் கண்டுகொள்ளாது. ஆனால் சூட்டுக்கு எஃகைவிட ஏறத்தாழ இரு மடங்கு விரியும். 20 செ.மீ. நீளத்தில் வெப்பநிலை 20 பாகை மாறினால் இரண்டுக்கும் இடையே உண்டாகும் வேறுபாடு 0.04 மி.மீ. அளவே, மரத்தின் அரை மில்லிமீட்டருக்கு முன் இது சிறிது. அதனால் பொருத்தம் நிலையாக இருப்பதில் அலுமினியம் முந்துகிறது. அதற்காக அது தானாகவே துல்லியம் தரும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ஒழுங்காகப் பிசின் வார்த்த மரக்கட்டையும் உலக அளவிலான போட்டிகளில் தாக்குப்பிடிக்கும்.

உடலுக்குப் பொருந்துதல்

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைப் பகுதிகளில் காலணித் தொழிலில் இருப்பவர்களுக்கு இதை விளக்குவது எளிது. ஒரே எண் போட்ட இரண்டு காலணிகள் வேறு வேறு லாஸ்ட்டில், அதாவது காலச்சில், இழுக்கப்பட்டிருந்தால் ஒன்று கடிக்கும், மற்றொன்று கடிக்காது. எண்ணைவிட அச்சே முக்கியம். ரைபிளிலும் அப்படித்தான். சேசிஸின் பெயரையும் விலையையும்விட, அது எந்த அளவுக்கு ஒருவரின் உடல் அச்சுக்குள் வருகிறது என்பதே பார்க்கத்தக்கது.

பார்க்க வேண்டியவற்றில் கன்னத்தாங்கிக்கே முதலிடம் தர வேண்டும். தலையைக் குனியாமலும் கழுத்தை நீட்டாமலும் வைத்த இடத்தில் கண் பின்பார்வைத் துளைக்கு நேரே நிற்க வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு ரைபிளைத் தோளில் வைத்து, கன்னத்தைச் சாய்த்து, பிறகு கண்ணைத் திறந்து பார்க்கலாம். பார்வை துளையின் நடுவில் இல்லாவிட்டால் தாங்கி உயர வேண்டும், தாழ வேண்டும் அல்லது பக்கவாட்டில் நகர வேண்டும். பக்கவாட்டு நகர்வு இல்லாத மலிவான சேசிஸ்கள் உண்டு. இலக்குச் சுடுதலுக்கு அவை உதவா.

அடுத்தது விசைக்கும் தோள்தகட்டுக்கும் இடையேயான நீளம். தொழிற்சாலைக் கட்டைகள் பலவும் வளர்ந்த ஐரோப்பிய ஆணின் கைநீளத்தை மனத்தில் வைத்து வெட்டப்பட்டவை. பதினைந்து வயது மாணவிக்கு அது நீளமாக இருக்கும். தோளைப் பின்னுக்குத் தள்ளி, முதுகை வளைத்துச் சமாளிப்பாள். ஆண்டுக்கணக்கில் இப்படிச் சுட்டால் முதுகுவலி வரலாம். ஆகவே வளரும் வயதினருக்குச் சேசிஸ் வாங்குவதானால் குறைந்தபட்ச நீளம் எவ்வளவு என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும். அதிகபட்சத்தைப் பற்றிப் பெரும்பாலும் கவலை வேண்டியதில்லை.

மூன்று நிலைப் போட்டியில் முழந்தாளிட்டும், படுத்தும், நின்றும் சுட வேண்டும். ஒவ்வொரு நிலைக்கும் தோள்தகடு, கன்னத்தாங்கி, முன்கையின் கைத்தடை ஆகியவை வேறு வேறு இடத்தில் இருக்கும். அமைப்பை மாற்றும் நேரமும் போட்டி நேரத்திலேயே கழியும். எனவே அளவுக்கோடு பொறித்த, ஒரே திருகுச் சாவியால் மாற்றக்கூடிய அமைப்பு தேவை. படுத்து மட்டும் சுடுபவருக்கு இந்தச் செலவு வீண்.

எடையும் பொருத்தமும்

சர்வதேசச் சுடுதல் விளையாட்டுச் சம்மேளனத்தின் விதிப்படி ஆண்களுக்கான 50 மீட்டர் ரைபிள், துணைக்கருவிகளையும் சேர்த்து 8 கிலோவைத் தாண்டக் கூடாது. கனமான ரைபிள் மெதுவாக அசையும் என்பது உண்மை. அதை எலும்பின்மேல் தாங்காமல் தசையால் தூக்குபவருக்கோ, ஐம்பதாவது குண்டில் கை நடுங்கும். எடையைக் கூட்டுவது எளிது, குறைப்பது கடினம் என்பதால் இலேசான சேசிஸை வாங்கி, வேண்டுமானால் எடைக்கட்டிகளை முன்னும் பின்னும் சேர்த்துக்கொள்வது நல்லது.

ஆக்‌ஷனின் மாதிரியைச் சரிபார்க்காமல் பணம் கட்டுவது அடிக்கடி நிகழும் இழப்பு. ஜெர்மனியின் ஊல்ம் நகரத்து அன்ஷுட்ஸ் நிறுவனத்தின் 54, 64 என்ற இரு ஆக்‌ஷன்களும் ஒன்றல்ல. அதன் 1913 மாதிரி உருளை வடிவம், 2013 சதுர வடிவம். செக் நாட்டு சிஇசட் 455க்கு வெட்டிய சேசிஸில் 457 நேராக அமராது. பின்லாந்தின் டிக்கா டி1எக்ஸுக்குத் திருகு இடங்கள் பெரிய ரைபிளான டி3எக்ஸுக்கு உள்ளவையே; மேகசின் வேறு என்பதால் அங்கும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். பொருத்திய பின் தயாரிப்பாளர் குறிப்பிட்ட முறுக்குவிசை அளவில்தான் திருகுகளை இறுக்க வேண்டும், கைக்கணக்கு கூடாது.

தோலின் இடம்

வேலூர் வட்டாரத்தின் தோலுக்கும் இவ்விளையாட்டுக்கும் தொடர்பு உண்டு. சுடும் மேலங்கியிலும் காலணியிலும் தோல் பயன்படுகிறது. விதிப்படி மேலங்கியின் துணி அல்லது தோலின் தடிமன் 2.5 மி.மீ.க்கு மேலும், காலணியின் மேற்பகுதி 4 மி.மீ.க்கு மேலும் போகக் கூடாது. வாரின் அகலம் 40 மி.மீ.க்குள் இருக்க வேண்டும். தடிமன் அளவியைக் கையில் வைத்துத் தோலைத் தரம் பிரிப்பவர்களுக்கு இந்த எண்கள் அன்றாட அளவுகளே.

அலுமினியக் கன்னத்தாங்கி வியர்வையில் வழுக்கும், வெயிலில் சுடும். மெல்லிய தோல் ஒட்டினால் இரண்டும் தீரும். ஒட்டிய தோலின் தடிமன் அளவுக்குத் தாங்கியை இறக்க மறக்கக் கூடாது. ஆனால் ரைபிளைத் தோலுறைக்குள் மாதக்கணக்கில் வைப்பது தவறு. ஆவாரம்பட்டை போன்றவற்றால் பதனிட்டதானாலும் குரோமியம் இட்டதானாலும் தோலில் அமிலமும் உப்பும் எஞ்சியிருக்கும். ஈரம் சேர்ந்தால் குழலின் எஃகு துருப்பிடிக்கும்.

சட்டம்

ஆயுதச் சட்டம், 1959, ஆயுதம் என்ற சொல்லுக்குள் அதன் பாகங்களையும் அடக்குகிறது. ஆகவே வெளிநாட்டு இணையக் கடையில் சேசிஸை வாங்கி அஞ்சலில் வரவழைப்பதைச் சாதாரணக் கொள்முதலாகக் கருத முடியாது. பணம் கட்டும் முன் உரிமம் வழங்கிய அலுவலகத்திடமும், மாநிலச் சுடுதல் சங்கம் அல்லது 1951இல் தொடங்கப்பட்ட இந்திய தேசிய ரைபிள் சங்கத்திடமும் எழுத்துமூலம் கேட்டுக்கொள்வது பாதுகாப்பானது. 2019இல் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்ததால் ஆம்பூர், வாணியம்பாடிக்காரர்களுக்குத் திருப்பத்தூரும், வாலாஜாவைச் சேர்ந்தவர்களுக்கு ராணிப்பேட்டையும் மாவட்டத் தலைமையிடம்.

வாங்குமுன் சோதனை

இருக்கும் கட்டையிலேயே, ஒரே தயாரிப்புத் தொகுதித் தோட்டாக்களைக்கொண்டு, ரைபிளைத் தாங்கியில் வைத்துப் பத்துப் பத்துக் குண்டுகளாக ஐந்து முறை சுட்டுப் பார்க்கலாம். குண்டுகள் பத்து வளையத்துக்குள் நெருங்கி விழுந்தால் ரைபிளில் குறையில்லை. புதிய சேசிஸ் அந்தக் கூட்டத்தை மேலும் சுருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. சிதறினால் முதலில் வேறு தொகுதித் தோட்டாவை முயல வேண்டும், பிறகு திருகுகளைச் சரிபார்க்க வேண்டும். ஒரு தொகுதிக்கும் அடுத்ததற்கும் உள்ள வேறுபாடு கட்டைக்கும் சேசிஸுக்கும் உள்ள வேறுபாட்டைவிடப் பெரிதாக இருப்பது உண்டு. தாங்கியில் நன்றாகவும் கையில் மோசமாகவும் சுட்டால் பயிற்சியிலோ பொருத்தத்திலோ குறை இருக்கிறது. அப்போது நண்பர் ஒருவரின் சேசிஸை, உரிமம் உடையவர் முன்னிலையில், அரங்கிலேயே ஒரு மணி நேரம் பிடித்துப் பார்த்துவிட்டு, கன்னமும் தோளும் சொல்வதைக் கேட்டு முடிவெடுக்கலாம்.