பாலர் வகுப்பில் கணக்கு

திருவண்ணாமலையில் பாலர் வகுப்பொன்றைப் பார்வையிடும் சந்தர்ப்பம் சமீபத்தில் நமக்குக் கிடைத்தது. குழந்தைகள் ஒரே குரலில், “ஐந்து, பத்து, பதினைந்து” என்று நூறு வரையில் பிழையின்றி ஓதினர். வந்திருந்த பெரியோர் கைதட்டினர்; நாமும் தட்டினோம். பிறகு ஒரு சிறுமியை அழைத்து, இருபது புளியங்கொட்டைகளைத் தரையில் பரப்பி, எத்தனை என்று கேட்டோம். அவள் விரல் வைத்து, ஒன்று, இரண்டு என்று எண்ணத் தொடங்கினாள். சற்று முன் தான் பாடியதற்கும் இக்கொட்டைகளுக்கும் சம்பந்தம் உண்டென்பது அவளுக்குத் தோன்றவேயில்லை.

குற்றம் அவளுடையதன்று. இவ்வாறு தாவி எண்ணுதல், ஒவ்வொன்றாய் எண்ணுவதற்கும் பெருக்கலுக்கும் நடுவேயுள்ள படி. ஐந்து பொருள்களை ஒரே கூட்டமாய்க் காணக் கண் பழகவேண்டும். அப்பழக்கமின்றி நாவை மட்டும் பழக்கினால், பின்னர் வரும் வாய்பாடும் வெறும் ஓசையாகவே நின்றுவிடும்.

மனனத்தை நாம் இகழ்வதாக எவரும் எண்ணவேண்டாம். சென்னை ராஜதானியில் 1822ஆம் ஆண்டு தொடங்கிய விசாரணையின் முடிவில், 12,498 பள்ளிகளும் அவற்றில் 1,88,650 மாணாக்கரும் இருந்ததாகக் கவர்னர் தாமஸ் மன்றோ 1826இல் எழுதிவைத்தார். அக்காலத்துத் திண்ணைப் பள்ளிகளில் எண்சுவடியும் பொன்னிலக்கமும் நெல்லிலக்கமும் மனப்பாடமாயின. ஆனால் நெல்லிலக்கம் ஓதிய பிள்ளைக்கு நாழியும் மரக்காலும் வீட்டிலேயே இருந்தன. களத்தில் நெல் அளப்பதை அவன் தினமும் கண்டான். ஓசை நிலைத்தது, அளவை போயிற்று. இன்றைய வகுப்பின் குறை இதுவே.

இத்தாலி தேசத்து மாண்டிசோரி அம்மையார் 1939இல் சென்னைக்கு வந்து, அடையாற்றில் ஆசிரியர்களுக்குப் பயிற்சியளித்தார். அவருடைய முறையில், ஐந்தைந்து மணிகள் கோத்த சங்கிலியைக் குழந்தை கையால் தொட்டு எண்ணிச் செல்லும். அத்தகைய சங்கிலி வாங்கப் பணமில்லை என்று கூறுவோர்க்கு நமது விடை, பாட்டி வீட்டுப் பரணில் கிடக்கும் பல்லாங்குழியே. வரிசைக்கு ஏழாகப் பதினான்கு குழிகள். குழிக்கு ஐந்து கொட்டையிட்டால், ஒரு வரிசை முடியும்போது முப்பத்தைந்து, இரண்டும் முடியும்போது எழுபது. ஒரு குழியில் நான்கு சேர்ந்தால் அது ‘பசு’. பசுக்களை எண்ணும் சிறுவன் நான்காம் வாய்பாட்டைத் தானே கண்டுகொள்கிறான். இரண்டிரண்டாக எண்ணுவதற்கோ, அண்ணாமலையார் கோயில் வாசலில் கிடக்கும் செருப்புக்களே போதும்!

பத்துப் பத்தாக எண்ணுவதில் தமிழ்க் குழந்தைக்கு ஓர் இடறல் உண்டு. எண்பது வரையில் ஓசை ஒழுங்காய் வந்து, திடீரெனத் தொண்ணூறு என்று மாறுகிறது. அங்கே தடுமாறும் குழந்தையை அதட்டுவது தகாது. அது தவறுவதே நம் மொழியின் ஒழுங்கை உணர்ந்ததற்கு அடையாளம்.

எட்டு வயதுக்குட்பட்ட குழந்தைகள் யாவரும் எழுத்தும் அடிப்படைக் கணக்கும் அறியவேண்டுமென்று, தமிழ்நாட்டு சர்க்கார் 2022இல் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தைத் தொடங்கினர். நோக்கம் நல்லதே. ஆனால் பாடசாலைக்குச் செல்லும் நம் தொண்டர்கள் கோஷ்டிப் பாட்டைக் கேட்டுத் திருப்தியடைந்து திரும்பலாகாது. ஏழிலிருந்து தொடங்கி ஐந்தைந்தாக எண்ணச் சொல்லட்டும்; இருபதிலிருந்து பின்னோக்கி வரச் சொல்லட்டும்.

அன்று அச்சிறுமியைக் கொண்டு கொட்டைகளை ஐந்தைந்தாக நான்கு குழிகளில் இடச்செய்தோம். குழியைத் தொட்டுத் தொட்டு, “ஐந்து, பத்து, பதினைந்து, இருபது” என்றாள். ஐந்தாம் குழியில் இரண்டே கொட்டைகளைப் போட்டு, இப்பொழுது எத்தனை என்றோம். “இருபத்தைந்து” என்று வாய் முந்திக்கொண்டது. உடனே குழியை உற்று நோக்கி, “இல்லை, இருபத்திரண்டு” என்றாள்.