முடியாத போர்வைக்குள் இருக்கும் காகிதம்

லண்டனில் மகள் வீட்டுக்குப் போயிருந்த வாசகி ஒருவர், அங்கே பழைய சாமான் சந்தையில் பாதி தைத்த குவில்ட் போர்வை ஒன்றை வாங்கி வந்திருக்கிறார். அறுகோணத் துணித்துண்டுகளை இணைத்துத் தைத்தது. திருப்பிப் பார்த்தால் ஒவ்வொரு துண்டுக்குள்ளும் காகிதம். "எல்லாவற்றையும் உருவிப் போட்டுவிட்டு மீதியைத் தைத்து முடிக்கலாமா?" என்று கேட்டு எழுதியிருக்கிறார்.

அம்மா, கத்தரிக்கோலைக் கீழே வையுங்கள். முதலில் அந்தக் காகிதங்களைப் படியுங்கள்.

இங்கிலாந்துப் பெண்கள் முந்நூறு ஆண்டுகளாகச் செய்துவரும் கைவேலை இது. வேண்டிய வடிவில் காகிதத்தைப் பிசகாமல் வெட்டுவார்கள். அதைவிடக் கால் அங்குலம் பெரிதாகத் துணியை வெட்டி, ஓரத்தைக் காகிதத்தின் மேல் மடித்து, பெரிய பெரிய தையலாகப் போட்டு நிறுத்துவார்கள். பிறகு இரண்டு துண்டுகளை முகத்தோடு முகம் வைத்து, விளிம்பில் மட்டும் நெருக்கமாகச் சுற்றித் தைப்பார்கள். ஊசி காகிதத்தில் ஏறாமல் மடிப்பு நுனியில் இரண்டு மூன்று இழையை மட்டும் பிடிக்க வேண்டும். சுற்றிலும் பக்கத்துத் துண்டுகள் சேர்ந்த பிறகு காகிதத்தை எடுத்துவிடலாம்.

ஆகவே, முடித்த போர்வையில் பெரும்பாலும் காகிதம் இருக்காது. பாதியில் நின்றதில் இருக்கும். இந்தக் கலையில் எனக்கு மிகவும் பிடித்தது அந்தக் காகிதங்கள்தான். புதுத்தாளை இதற்காக யார் வெட்டுவார்கள்? பழைய கடிதம், கடைச் சீட்டு, செய்தித்தாள், பிள்ளைகள் எழுதிப் பழகிய நோட்டு, கைக்குக் கிடைத்ததெல்லாம் உள்ளே போனது. என் அம்மா ரவிக்கை அளவைச் செய்தித்தாளில் வெட்டிப் பரணில் வைத்திருப்பார். கைப்பகுதியில் ஏதோ தேர்தல் முடிவு பாதி தெரியும். அதே மாதிரிதான். தாளில் 1840 என்று இருந்தால் அந்தத் துண்டை அதற்கு முன் தைத்திருக்க முடியாது. அதற்குப் பிறகு எப்போது என்பதைத் துணியின் அச்சும் சாயமும்தான் சொல்ல வேண்டும்.

பிரிட்டனில் ஆண்டு பொறித்த ஒட்டுவேலைப் போர்வைகளில் நமக்குத் தெரிந்தவரை மிகப் பழையது, 1718-ஆம் ஆண்டின் பட்டுப் போர்வை. குவில்ட்டர்ஸ் கில்டு என்ற அமைப்பின் சேகரிப்பில் இருக்கிறது. அது முழுதாக முடித்தது. ஆனாலும் தாள்கள் உள்ளேயே இருக்கின்றன.

வேலை நின்றுபோகச் சோம்பல்தான் காரணம் என்பதில்லை. ஆங்கில நாவலாசிரியர் ஜேன் ஆஸ்டின் 1811 மே மாதம் அக்கா கஸாண்ட்ராவுக்கு எழுதிய கடிதத்தில், துணித்துண்டு சேர்க்க நினைவிருக்கிறதா, இங்கே வேலை நின்று கிடக்கிறது என்று கேட்கிறார்.

முன்பக்கம் அழகாக இருந்தால் போதும் என்று தாளையெல்லாம் கிழித்தெறிகிறவர்களை நினைத்தால் மனம் கொதிக்கிறது. ஊர் பேர் தெரியாத ஒரு பெண்ணின் வீட்டுக் கணக்கு வேறெந்த ஆவணக் காப்பகத்தில் கிடைக்கும்?

தண்ணீரில் நனைக்காதீர்கள், மை ஊறித் துணியில் இறங்கிவிடும். பின்பக்கத்தை வரிசை வரிசையாகப் படமெடுத்துக்கொள்ளுங்கள். கறுப்பு, பழுப்புத் துண்டுகளை விரலால் மெல்லத் தடவிப் பாருங்கள். அந்தச் சாயங்களில் சேர்த்த இரும்பு, துணியை இற்றுப்போகச் செய்யும். உதிர்ந்தால் அப்படியே பத்திரப்படுத்துவதே நல்லது. துணி உறுதியாக இருந்தால் தாராளமாகத் தொடருங்கள். புதுத் துண்டுகளுக்குப் புதுத்தாள் வெட்டி, இந்த ஆண்டைப் பென்சிலால் எழுதி வையுங்கள். பழைய தாளை எடுத்தே ஆகவேண்டும் என்றால் ஒவ்வொன்றுக்கும் எண் போட்டு உறையில் வையுங்கள். வெளிவரிசைத் தாள்களை மட்டும் கரை வைத்துத் தைக்கும்வரை தொடாதீர்கள். எடுத்தால் ஓரம் இழுபட்டு நெளிந்துவிடும்.