கொடுத்தாலும் குறையாத மாவு



"அக்கா, கொஞ்சம் உறைமோர் இருக்கா?" என்று பக்கத்து வீட்டு வாசலில் கிண்ணத்தோடு போய் நிற்காதவர் நம்மில் எத்தனை பேர்? ஒரு கரண்டி மோரை வெதுவெதுப்பான பாலில் விட்டால் விடிவதற்குள் தயிர். கொடுத்த அக்கா வீட்டிலும் தயிர் குறைவதில்லை. ரொட்டிக்கும் இப்படி ஓர் உறை உண்டு என்பது எனக்கு ரொம்ப நாள் தெரியாது. டீக்கடை பன்னைத் தாண்டி ரொட்டி பற்றி நான் யோசித்ததே இல்லை! தெரிந்துகொண்டதை இங்கே சொல்கிறேன்.

கோதுமை மாவையும் தண்ணீரையும் சம எடையில் பிசைந்து மூடி வையுங்கள். தினமும் அதில் ஒரு பங்கை மட்டும் வைத்துக்கொண்டு, ஒரு பங்கு புது மாவும் ஒரு பங்கு தண்ணீரும் சேருங்கள். ஏறக்குறைய ஒரு வாரத்தில் அது நுரைத்துப் பொங்கும். இதுதான் தாய்மாவு. வெளியிலிருந்து எதையும் சேர்க்காமல் எப்படிப் பொங்குகிறது? மாவிலேயே ஈஸ்ட்டும் பாக்டீரியாவும் இருக்கின்றன. ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று கார்பன் டை ஆக்சைடை வெளியிடும். சைக்கிள் டியூப் காற்றைப் பிடித்து வைப்பது மாதிரி, கோதுமையின் குளூட்டன் அந்த வாயுவைப் பிடித்து வைக்கும். ரொட்டி உப்புவது இதனால்தான். பாக்டீரியாவோ லாக்டிக் அமிலமும் அசிட்டிக் அமிலமும் தரும். புளிப்பு அதனால் வருவது. அந்தப் புளிப்பே மற்ற கெட்ட கிருமிகளை அண்ட விடாது.

இந்த ரெண்டும் ஒரே கிண்ணத்தில் சண்டை போடாதா? சான் பிரான்சிஸ்கோ ரொட்டியை ஆராய்ந்து 1971-ல் அமெரிக்க விஞ்ஞானிகள் இதற்குப் பதில் சொன்னார்கள். அங்குள்ள பாக்டீரியா மால்ட்டோஸ் என்ற சர்க்கரையைத் தின்னும். அங்குள்ள ஈஸ்ட் அதைத் தொடவே தொடாது. பாக்டீரியா விடும் அமிலத்தையும் அந்த ஈஸ்ட் தாங்கிக்கொள்ளும். ஒருத்தர் தட்டில் இன்னொருத்தர் கை வைக்காத கூட்டுக் குடும்பம்!

இனி ஒரு கணக்கு. இன்று 50 கிராம் தாய்மாவு இருக்கிறது. மாவு 50, தண்ணீர் 50 சேர்த்தால் 150 கிராம். அதில் 100 கிராமை ரொட்டிக்கு எடுத்தால் நாளைக்கும் அதே 50 மிஞ்சும். யாருக்கும் கொடுக்காமல், ரொட்டியும் சுடாமல், தினமும் தீனி மட்டும் போட்டு வந்தால்? ஒவ்வொரு நாளும் மூன்று மடங்கு. பத்தாவது நாள் ஏறக்குறைய 2,950 கிலோ! லாரி வைத்துத்தான் ஏற்ற வேண்டும். தீனி போடாமல் விட்டாலோ பட்டினியில் வாடிப் போகும். ஆகவே தாய்மாவு வைத்திருப்பவருக்குக் கொடுப்பது தர்மம் மட்டுமல்ல, அவசியமும்கூட.

கொடுத்தே வாழ்ந்த ஒரு தாய்மாவின் கதை இது. 1847-ல் ஒரு குடும்பம் மிசூரியிலிருந்து ஒரேகான் நோக்கி வண்டி கட்டிக்கொண்டு போனபோது, தாய்மாவும் கூடவே போனது. அந்த வழியில் போனவர்களுக்கு அடுப்பு ஏது? இரும்புச் சட்டிக்குக் கீழேயும் மூடி மேலேயும் தணலைப் போட்டு ரொட்டி சுட்டார்கள். அந்தக் குடும்பத்தின் வழியில் வந்த கார்ல் கிரிஃபித் என்பவர், அதே மாவை மெல்லியதாய்ப் பரப்பிக் காயவைத்துப் பொடியாக்கினார். கேட்டவர்களுக்கெல்லாம் தபாலில் இலவசமாய் அனுப்பினார். தபால் தலை ஒட்டிய சுயமுகவரி உறை மட்டும் அனுப்பினால் போதும். காய்ந்த பொடியில் நுண்ணுயிர்கள் உறங்கும். தண்ணீரும் மாவும் கண்டால் விழித்துக்கொள்ளும். 2000-ல் அவர் இறந்தார். அதன் பிறகும் அவருடைய நண்பர்கள் அந்த வேலையைத் தொடர்ந்தார்கள்.

1868-ல் அமெரிக்காவின் சின்சினாட்டியில் ஃபிளைஷ்மன் சகோதரர்கள் அழுத்திய ஈஸ்ட் கட்டி தயாரிக்கத் தொடங்கினார்கள். வேலை சுலபமானது. ராத்திரி முழுக்கக் காத்திருக்கத் தேவையில்லை. பக்கத்து வீட்டைக் கேட்கவும் தேவையில்லை. 2020-ல் கொரோனா ஊரடங்கின்போது பல நாடுகளில் கடைகளில் ஈஸ்ட் கிடைக்கவில்லை. அப்போது ஜனங்கள் மறுபடி தாய்மாவைத் தேடினார்கள்.

நண்பர்களே, முதலாண்டில் எனக்கு ஒரு சீனியர் அண்ணன் தன் மினி டிராஃப்டரைக் கொடுத்தார். அதன்பின் அது அவரிடம் இல்லை. அதே அண்ணன் ஐசோமெட்ரிக் வரைவதையும் ஹாஸ்டல் வராந்தாவில் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தார். எங்கள் வீட்டில் அதைச் சொல்லித்தர ஆள் கிடையாது. சொல்லிக் கொடுத்ததால் அவருக்கு மறந்தா போயிற்று? டிராஃப்டர் ஒரு ரகம், தாய்மாவு இன்னொரு ரகம். இந்த வருஷம் முதலாண்டுத் தம்பிகள் என் அறைக் கதவைத் தட்டினால், நான் "போடா, படிக்கணும்" என்று சொல்லப் போவதில்லை. நீங்களும் சொல்லாதீர்கள்.