கிணற்று மோட்டாரும் மின்சாரமும்

கோடை நாட்களில் கிராமங்களில் அடிக்கடி கேட்கும் செய்தி, "மோட்டார் காயில் கருகிவிட்டது" என்பதாகும். பயிர் வாடும் வேளையில் மோட்டாரைக் கழற்றி நகரத்திற்குக் கொண்டுசென்று, புதிதாகக் காயில் கட்டிக்கொண்டு திரும்புவதற்குள் விவசாயி படும் பாடு சிறிதன்று. மின்சாரத்தைப் பற்றிய நான்கு சொற்களின் பொருள் விளங்கினால், இவ்விழப்பின் காரணமும் விளங்கும். அவற்றை இங்குக் கூற முற்படுகிறோம்.

உயரத்திலுள்ள தொட்டியிலிருந்து குழாய் வழியே வயலுக்கு நீர் பாய்வதாகக் கொள்வோம். தொட்டி உயர உயர நீரின் உந்துதல் மிகும். மின்சாரத்தில் இவ்வுந்துதலை மின்னழுத்தம் என்பர். அதன் அளவு வோல்ட். ஒரு நொடியில் குழாயில் பாயும் நீரைப் போன்றது மின்னோட்டம்; அதன் அளவு ஆம்பியர். குறுகிய நீண்ட குழாய் நீரைத் தடுப்பது போல, மெல்லிய நீண்ட கம்பி மின்னோட்டத்தைத் தடுக்கிறது. இத்தடையின் அளவு ஓம். அழுத்தத்தைத் தடையால் வகுத்தால் ஓட்டம் கிடைக்கும் என்னும் விதியை ஜெர்மானிய அறிஞர் ஜார்ஜ் ஓம் 1827ஆம் ஆண்டில் வெளியிட்டார்.

நீர் உவமை இவ்வளவுக்கே பொருந்தும். உடைந்த குழாயிலிருந்து நீர் கொட்டும். அறுந்த கம்பியிலிருந்து மின்சாரம் கொட்டுவதில்லை. சுற்றி வர வழியிருந்தால்தான் அது ஓடும். அறுந்து கிடக்கும் கம்பியைத் தொடுபவர் தாமே அவ்வழியாகிவிடுகிறார்!

நான்காவது சொல் வாட். மின்சாரம் எவ்வளவு விரைவாக வேலை செய்கிறது என்பதை இது காட்டும். ஒரு குதிரைத் திறன் 746 வாட்டுக்குச் சமம். 1,000 வாட் ஒரு மணி நேரம் செலவானால் அது ஒரு யூனிட்.

இனி மோட்டாருக்கு வருவோம். 5 குதிரைத் திறனுள்ள மும்முனை மோட்டார், 400 வோல்ட்டை ஒட்டிய அழுத்தத்தில் முழுச் சுமையுடன் ஓடும்போது, ஏறத்தாழ 8 ஆம்பியர் எடுக்கும். கம்பத்திலிருந்து கிணறுவரை சிக்கனம் கருதி மெல்லிய கம்பி இழுத்திருப்பதாகவும், ஒவ்வொரு கம்பியின் தடையும் 2 ஓம் எனவும் கொள்வோம். ஒவ்வொரு கம்பியிலும் 16 வோல்ட் வீணாகக் கழிந்துவிடும். மோட்டாருக்குக் கிட்டுவது குறைந்த அழுத்தமே. அழுத்தம் குறைந்தால் ஓட்டமும் குறையுமன்றோ என்று கேட்கலாம். விளக்கில் அவ்வாறே நிகழும், மோட்டாரில் நிகழாது. தூக்கவேண்டிய நீரின் சுமை குறையவில்லையாதலால், அதே வேலையைச் செய்ய மோட்டார் மிகுதியான ஓட்டத்தை இழுக்கிறது. காயிலில் பிறக்கும் வெப்பமோ ஓட்டத்தின் இருமடிப்படி ஏறும்: 8 ஆம்பியர் 10 ஆனால் வெப்பம் ஒன்றரை மடங்குக்கு மேலாகிறது. காயில் கருகுவது இதனாலேயே. மூன்று முனைகளுள் ஒன்று போய்விட்டாலும் இதே கேடு விரைவில் நேரும். உறுமிக்கொண்டு சுழலாமல் நிற்கும் மோட்டாரை உடனே நிறுத்த வேண்டும்.

ஓட்டம் அளவு கடந்தால் தான் உருகி மின்சாரத்தைத் துண்டிப்பதே பீஸ் கம்பியின் கடமை. அது அடிக்கடி போகிறதென்று தடித்த செம்புக் கம்பியைச் செருகுவோர் பலர். அப்பொழுது உருகவேண்டிய பீஸ் உருகாது, மோட்டாரே கருகும்.

உயிரின் கணக்கும் ஓமின் விதிப்படியே அமைகிறது. நனைந்த உடலின் தடை 1,000 ஓம் அளவுக்குத் தாழ்ந்துவிடலாம். வீட்டு மின்சாரமான 230 வோல்ட்டை அதனால் வகுத்தால் 230 மில்லி ஆம்பியர் வரும். 30 மில்லி ஆம்பியரைக் கடந்தாலே உயிருக்கு ஆபத்து நேரலாம். இவ்வளவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் கசிவுத் தடுப்புக் கருவிகள் இன்று கடைகளில் கிடைக்கின்றன. மோட்டாரின் இரும்புக் கூட்டில் மின்சாரம் கசிந்தால், அதை மனித உடலினும் எளிய வழியில் நிலத்துக்குக் கொண்டுசெல்வது எர்த்துக் கம்பி. நிலம் உலர்ந்தால் அவ்வழியின் தடை ஏறிவிடும். ஆதலால்தான் எர்த்துக் குழியில் உப்பும் கரியும் இட்டு, கோடையில் அவ்வப்பொழுது நீர் ஊற்றுகிறார்கள்.