எட்டு கோரா, பதினாறு கோரா?

விடியுமுன் பெரட்டு எனும் ஆள் கணக்கெடுப்பு, பிறகு ஆளுக்கொரு மர நிரை. சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் பால்மரம் வெட்டிய பாட்டிமாருக்கு இது மறக்காத கணக்கு. அந்த ரப்பர் மரங்கள் பல இன்று இல்லை. செம்பனையும் வீடமைப்பும் அங்கே வந்துவிட்டன. பேரப்பிள்ளைகள் ஈப்போவில் கேமிங் கணினி பூட்டுகிறார்கள். புராசசரில் எட்டு கோர் போதுமா, பதினாறு வேண்டுமா என்று குழம்பும் பிள்ளைக்குப் பாட்டியின் நிரையே பதில் சொல்லும்.

கோர் என்பது மரம் வெட்டும் ஓர் ஆள். பத்துப் பேர் இறங்கினால் பத்து நிரை ஒரே நேரத்தில் முடியும். ஆனால் வெட்டிய மரத்தில் பால் வடிந்து மங்கில் சேர மணிக்கணக்காகும். நூறு பேர் சுற்றி நின்றாலும் அது விரைந்து சொட்டாது. ஐபிஎம் பொறியாளர் ஜீன் அம்டால் 1967இல் சொன்னதும் இதுதான்: வேலையில் கால்பங்கு பிரிக்க முடியாததாக இருந்தால், எத்தனை கோர் சேர்த்தாலும் வேகம் நான்கு மடங்கைத் தாண்டாது.

அப்படியிருந்தும் கோர்கள் பெருகியதற்குக் காரணம் சூடு: ஒற்றைக் கோரை மேலும் விரைவாக ஓட்டினால் சூடு தாங்கவில்லை. இண்டெலின் பெண்டியம் 4 புராசசர் 3.8 கிகாஹெர்ட்ஸோடு நின்றது. 4 கிகாஹெர்ட்ஸ் திட்டம் 2004இல் கைவிடப்பட்டது. மறு ஆண்டே இண்டெலும் ஏஎம்டியும் வீட்டுக் கணினிக்கு இரட்டைக் கோர் கொண்டுவந்தன.

விளையாட்டில் வரிசை முக்கியம். விசையை அழுத்தினால்தான் வீரன் நகர்வான். நகர்ந்த பிறகுதான் குண்டு பட்டதா என்று கணக்கிட முடியும். இந்தச் சங்கிலியின் பெரும்பகுதியை ஒரே கோர் இழுக்கிறது. ஒலி போன்ற வேலைகள் மற்ற கோர்களுக்குப் போகின்றன. 2022இல் வந்த ஏஎம்டியின் ரைசன் 7 5800எக்ஸ்3டி எட்டே கோர் கொண்டது. ஆனாலும் பல விளையாட்டுகளில் பதினாறு கோர் கொண்ட 5950எக்ஸை அது முந்தியது. கைக்கெட்டும் தூரத்தில் 96 மெகாபைட் கேஷ் நினைவகம் இருந்ததால், தரவுக்காகத் தொலைவு போய்வரும் நேரம் அதற்கு மிச்சம்.

கிராஃபிக்ஸ் கார்டின் கதை வேறு. 1920க்கு 1080 திரையில் இரண்டு மில்லியனுக்கு மேல் புள்ளிகள். பெரும்பாலும் ஒவ்வொன்றையும் தனித்தனியே கணக்கிடலாம். இங்கே ஆள் கூடினால் வேலை உண்மையிலேயே விரையும். அதனால்தான் ஆர்டிஎக்ஸ் 3060இல் 3,584 சிறு கோர்கள். விளையாட்டுக்காகவே கணினி பூட்டுபவர் ஆறு அல்லது எட்டு கோரோடு நிறுத்தி, மிஞ்சும் ரிங்கிட்டை கிராஃபிக்ஸ் கார்டில் போடுவது நல்லது. ஈப்போ வெயிலுக்குப் பெட்டியில் காற்றோட்டம் வேண்டும். மாலை இடிமழைக்கு மின்னல் தடுப்பு பிளக்கும் வேண்டும்.

புராசசர் எனும் சில்லுக்கும் நம் மண்ணுக்கும் உறவு உண்டு. இண்டெல் தன் முதல் வெளிநாட்டு ஆலையை 1972இல் பினாங்கில்தான் திறந்தது. ஈப்போவிலேயே கார்செம், யூனிசெம் ஆலைகள் வேறு வகைச் சில்லுகளைப் பொதித்துச் சோதிக்கின்றன. சில்லைப் பலகையோடு இணைக்கும் பற்றாசில் பெரும்பங்கு வெள்ளீயம். ஈப்போ இருக்கும் கிந்தா பள்ளத்தாக்கை உலகறியச் செய்த அதே உலோகம். சில புராசசர்களின் மூடியில் 'மலேசியா' என்று பொறித்திருக்கும். வெப்பப் பசை பூசினால் அந்த எழுத்து மறைந்துவிடும். பூசும் முன் பாட்டியிடம் ஒருமுறை காட்டலாம்.